ஐந்து இருபதுக்கு ஆறாம் மாடி

கதை எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். படிக்கிறவர்களும் உச்சுக் கொட்டிவிட்டுப் பத்திரிகையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்கள். கதைக்குள் மாட்டிக்கொண்ட மனுஷன் என்ன ஆனான் என்று கேட்க ஒரு நாதியில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்தெல்லாம் வராது. நான் லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேர் புத்தகத்தில் "பிரேக் தேய்ந்திருந்தது, மாற்றப்பட்டது" என்று எழுதிப் பழகிய கை இது. அந்த மாதிரியே எழுதிவிட்டுப் போகிறேன்.

என் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். நிஜமாகவே ஓட்டியவர். பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்கிற லிஃப்ட் இல்லை அது. கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பி, எந்த மாடியோ அந்த மாடித் தரையோடு பெட்டியின் தரை ஒட்டுகிற மாதிரி கையாலேயே நிறுத்த வேண்டும். அரை விரற்கடை ஏறி நின்றாலும் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். மாமா நிறுத்தினால், உள்ளிருந்து ஒரு தீப்பெட்டியைத் தரையோடு தள்ளிவிடலாம், எங்கேயும் இடிக்காமல் வெளியே போகும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வேறு எதற்கும் கர்வப்படுகிற மாதிரி அவரிடம் ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, அவருக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுக்கு வந்த விருந்தாளி மரியாதைக்கு "சாப்பாடு பிரமாதம்" என்று சொன்னால், மாமா, "உப்பு ஜாஸ்தி" என்பார், அதுவும் அக்கா எதிரிலேயே. அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு அவருக்கு உப்பே இல்லாமல் சாப்பாடு நடக்கும். அப்போதும் திருந்த மாட்டார்.

அதே கட்டிடத்தில் மொட்டை மாடி மெஷின் ரூமில்தான் எனக்கும் வேலை. கீழே என்ன நடக்கிறது என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மோட்டார் சத்தமே சொல்லிவிடும். ஆள் நிறைய ஏறினால் மேலே வரும்போது முனகும், ஆள் இல்லாமல் இறங்கும்போதும் எதிர்ப்பக்கத்து எடைக்கட்டியைத் தூக்க வேண்டியிருப்பதால் முனகும். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஆறாம் மாடியில் ஒரு காப்பீட்டு அலுவலகம். அங்கே ரெக்கார்டு ரூமில் ஒருத்தர் இருந்தார். பழைய கோப்புகளைக் கட்டி, எண் போட்டு, அலமாரியில் அடுக்குகிற வேலை. எல்லோருக்கும் அவர் ரெக்கார்டு ரூம்காரர்தான். ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் ஜனம் முட்டி மோதிக்கொண்டு இறங்கும். இவர் கூட்டமெல்லாம் கரைந்த பிறகு, ஐந்து இருபதுக்கு, பையும் குடையுமாக வந்து ஏறுவார். கீழே வந்து மாமா கதவைத் திறப்பார். மனுஷன் இறங்க மாட்டார்.

"வீட்டுக்குப் போக மனசில்ல. மேலயே விடுங்க."

முதல் நாள் மாமா ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். மறுநாளும் அதேதான். அப்புறம் மாமா "இறங்கலியா" என்று கேட்பதையே விட்டுவிட்டார். பின்பக்க மூலையில் சாய்ந்து நின்றுகொண்டு ரெக்கார்டு ரூம்காரர் எட்டாம் மாடி வரை போவார், கீழே வருவார், மறுபடி போவார். நடுவில் யாராவது ஏறினால் ஒதுங்கிக்கொள்வார். ஏழு மணிக்கு மாமா லிஃப்டைப் பூட்டும்போதுதான் இறங்கி வீட்டைப் பார்க்கப் போவார். இப்படி ஏழு வருஷம்.

"ஏன் மாமா, வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா அவருக்கு?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"ஏத்தறதும் இறக்கறதும்தான் மாப்ள என் வேலை. ஏன் ஏறினீங்கன்னு கேக்கறது இல்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு ரூம்காரர் வீட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லை. திங்கட்கிழமை காலையில் ஆறாம் மாடிக்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து இருபதுக்கு, யாரும் கூப்பிட மணி அடிக்காமலேயே, லிஃப்ட் ஆறாம் மாடியில் நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடியது. மோட்டார் முனக, ஒரே ஆள் எடையோடு லிஃப்ட் கீழே போனது.

நான் படியிறங்கி வந்து கேட்டேன்.

"கைப்பழக்கம்டா" என்றார் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் தினமும் அதே மாதிரி நிறுத்தினார். ஐந்து இருபதுக்கு ஆறாம் மாடியில் கதவைத் திறப்பார், நாலு மூச்சு விடுகிற நேரம் நிற்பார், சாத்துவார். அவ்வளவுதான் நடந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஏழு வருஷம் தினம் பார்த்த ஒருத்தருக்கு ஒரு மனுஷன் காட்டுகிற மரியாதை. இதைப் போய் அவர் கதைக்காரரிடம் சொன்னார் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

கதைக்காரர் ஏழாம் மாடியில் ஒரு கப்பல் கம்பெனியில் கடிதங்கள் எழுதுகிற வேலையில் இருந்தார். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்குக் கதை. கோபத்தில் எனக்கு "அவன்" என்றுதான் எழுத வருகிறது. அக்கா திட்டுவாள் என்பதற்காக "அவர்" என்று போடுகிறேன். அவர் கதையில் பேய் இல்லாமல் இருக்காது. ஆனால் சுடுகாட்டில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அலைகிற பேய் இல்லை. குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கிற பேய், பஸ்ஸில் சில்லறை இல்லாமல் முழிக்கிற பேய், பல்வலிக்கு வைத்தியரிடம் வருகிற பேய். வீட்டையும் தெருவையும் அச்சு அசலாக எழுதுவார். குழாயில் தண்ணீர் நிற்கிற நேரம்கூடச் சரியாக இருக்கும். மற்ற எல்லாமே நிஜமாக இருக்கும்போது பேய் மட்டும் எப்படிப் பொய்யாகும் என்று படிக்கிறவன் நம்பிவிடுவான். அது ஒரு வித்தைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அவர் ஒருநாள் ஐந்து இருபதுக்கு லிஃப்டில் இருந்திருக்கிறார். ஆறில் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார். மாமாவும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார், அந்த "வீட்டுக்குப் போக மனசில்ல" உட்பட. சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால் குடையாமல் என்ன செய்யும்?

மூன்று வாரத்தில் கதை வந்தது. "இறங்காதவர்" என்று தலைப்பு. அதில் செத்துப்போன ரெக்கார்டு ரூம்காரர் பையும் குடையுமாகத் தினம் ஐந்து இருபதுக்கு ஆறாம் மாடியில் ஏறுகிறார். கீழே கதவு திறந்ததும் வெளியே தெருவைப் பார்க்கிறார். "வீட்டுக்குப் போக மனசில்ல. மேலயே விடுங்க" என்கிறார். செத்த பிறகும் அதையேதான் சொல்கிறார். கதைக்கு அடியில் ஒரு குறிப்பு வேறு: "இது எங்கள் கட்டிடத்து லிஃப்ட்காரர் தம் வாயால் சொன்னது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை."

கட்டிடம் ரெண்டுபட்டது. ஐந்து இருபதுக்கு லிஃப்டில் ஏற அடிதடி. எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகையில் போட்டிருக்கும். ஏழு பேர் ஏறிக்கொண்டு, "ஒரு இடம் அவருக்கு" என்று மூலையைக் காலியாக விட்டுச் சிரிப்பார்கள். மாமாவுக்கு வெட்கம், கொஞ்சம் சந்தோஷமும்தான். அக்காதான் கதையைப் படித்துவிட்டு, "முப்பது வருஷம் உயிரோட இருக்கறவங்கள ஏத்தினீங்க, ஒரு வரி எவனும் எழுதல. இல்லாத பொணத்த ஏத்தினீங்கன்னு பேரு வாங்கிட்டீங்க" என்றாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் கதவு ஓடுகிற தடத்தில் எண்ணெய் போட நான் கீழே வந்திருந்தேன். ஐம்பது வயதுக்கு ஓர் அம்மா லிஃப்டுக்குள் வந்து மூலையில் நின்றார். கையில் அந்தப் பத்திரிகை நாலாக மடித்து இருந்தது.

"எந்த மாடிம்மா?" என்றார் மாமா.

"நான் அவரோட வீட்டுக்காரிண்ணே. அந்த ரெக்கார்டு ரூம்..." என்று பத்திரிகையை மாமாவிடம் நீட்டினார்.

மாமா கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அந்த அம்மா சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதை வந்ததிலிருந்து தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "செத்தும் வீட்டுக்கு வர மாட்டேங்கறாராமே, நீ என்ன பாடு படுத்தினியோ" என்று அடுத்த வீட்டுக்காரி வாய்கூசாமல் கேட்கிறாள். சொந்த நாத்தனாரே, "எங்கண்ணன் வாயத் தொறந்து சொல்லல, இப்பத்தான் சொல்றான்" என்றாளாம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை யார் மூடுவது?

"இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேண்ணே. ஒரு நாள் கை நீட்டினதில்ல அவரு, நானும் ஒரு நாள் மரியாதை தப்பிப் பேசினதில்ல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வீட்டுக்குப் போக மனசில்லைன்னு அவரு சொன்னாரா?"

இதுதான் கேள்வி. அந்த அம்மாவின் மிச்ச ஆயுசு முழுக்க இந்த ஒரு பதிலில் நின்றது. "அய்யோ இல்லம்மா, அந்தாளு கதை விட்டிருக்காரு" என்று சொன்னால் முடிந்தது. நான் பின்னால் நின்று கண்ணாலேயே மாமாவுக்கு ஜாடை காட்டினேன்.

மாமா சொன்னது இவ்வளவுதான்: "செத்தவங்க யாரும் இங்க வர்றதில்லம்மா."

"நான் அதக் கேக்கலண்ணே. சொன்னாரா, இல்லையா?"

மாமா வாயைத் திறக்கவில்லை. உப்பு விஷயத்தில்கூடப் பொய் சொல்லாத மனுஷன். அந்த அம்மா அந்த மௌனத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் ஐந்து இருபதுக்கு வந்து அதே மூலையில் நின்றார். அதற்கு மறுநாளும் வந்தார். மாமா ஆறில் கதவைத் திறந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கீழே வந்ததும், "இன்னிக்கு என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்பார். வேடிக்கைக்கு ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு எவனுக்குச் சிரிப்பு வரும்?

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழாம் மாடிக்குப் போய்க் கதைக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"அந்தம்மாகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இது என் கற்பனைன்னு."

"கதைன்னா கதைதாங்க. நான் யாரு பேரையும் போடலையே."

"ஆறாம் மாடின்னு போட்டீங்களே. அஞ்சுன்னு போட்டிருக்கக் கூடாதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அஞ்சு இருபதுக்கு அஞ்சாம் மாடின்னா படிக்கறப்ப நல்லா இல்லைங்க" என்றார்.

"அப்ப அந்தக் குறிப்பையாவது பொய்யின்னு எழுதுங்க."

"குறிப்பு இல்லைன்னா கதைல உசுரு இல்லைங்க. எத்தன கடிதம் வந்திருக்கு தெரியுமா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தம்மா அழறாங்களா, இல்ல சும்மா நிக்கறாங்களா?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார் அய்யா! கையில் ஸ்பானர் இருந்தது. நல்லவேளை, பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்தது. பேசாமல் படியேறிவிட்டேன்.

இங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். கதைக்காரரைத் திட்டி இவ்வளவு எழுதினேன், இனி என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும்.

"மாமா, ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றாங்க. ஒரே ஒரு பொய் சொல்லி அந்தம்மாவ நிம்மதியா வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?" என்றேன்.

"என்ன பொய்?"

"பேய் வருதுன்னு அவங்க நம்பிட்டாங்க. இனி இல்லைன்னா நம்ப மாட்டாங்க. அதனால, இன்னிக்கு அவரு மனசு மாறி இறங்கிட்டாரு, வீட்டுக்குப் போறேன்னு சொன்னாருன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"வேணாம் மாப்ள. எனக்கு வாய்ல வராது."

"பாவம் மாமா அது. தினம் ரெண்டு பஸ் மாறி வருது. உங்களுக்கு உங்க உண்மைதான் பெருசா?"

நாலு நாள் இப்படியே அரித்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரு வெள்ளிக்கிழமை, ஆறில் நின்று கீழே வந்து கதவைத் திறந்த மாமா, தெருவையே பார்த்துக்கொண்டு, "இறங்கிட்டாரும்மா. 'வீட்டுக்குப் போறேன்'னு சொல்லிட்டு, அதோ போறாரு" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் பொய். வார்த்தைக்கு வார்த்தை குரல் நடுங்கியது.

நடுங்கினதாலேயே அந்த அம்மா நம்பிவிட்டார். "நிஜமாவா? நிஜமாவா அண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் தெருவில் ஓடினார். ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அப்படியொரு பெருமை. கதைக்காரன் என்ன பெரிய கதைக்காரன், நான் ஒரே வரியில் முடித்துவிட்டேனே என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

சனி, ஞாயிறு, திங்கள் அந்த அம்மா வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்து இருபதுக்கு வந்தார். நான் மூன்றாம் மாடியில் ஏறினேன். உள்ளே நாங்கள் மூன்றே பேர். மாமா பழக்கப்படி ஆறில் நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"வரலண்ணே" என்றார் அந்த அம்மா.

ரெண்டு பேரும் முழித்தோம்.

"வீட்டுக்குப் போறேன்னு இறங்கினாருன்னு சொன்னீங்கல்ல. வெள்ளிக்கிழமையிலேருந்து கதவத் தொறந்து வச்சு, தட்டு வச்சு, உக்காந்தே இருக்கேன். வரல." அழவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. உயிரோட இருந்தப்பவும் இதேதான். அஞ்சு மணிக்கு ஆபீஸ் விடும், வீட்டுக்கு வர எட்டு ஆகும். கேட்டா வேலைம்பாரு. ஆபீஸ்ல விசாரிச்சா அஞ்சுக்கே முடிஞ்சுதும்பாங்க. வேற வீடு ஒண்ணு இருக்கு. இங்க இறங்கி அங்கதான் போயிருக்காரு, அப்பவும் இப்பவும். நீங்க தினம் பாத்தவரு, உங்களுக்குத் தெரியும். அவ யாருண்ணே?"

என் தலையில் இடி விழாததுதான் குறை. கதைக்காரராவது இல்லாத ஒரு பேயைத்தான் கொண்டுவந்தார். அதற்கு ஒரு வைப்பாட்டியையும் பிடித்துக் கொடுத்தவன் நான். ஏழு வருஷமாக மனசுக்குள் புதைத்து வைத்திருந்த சந்தேகத்தை என் புத்திசாலித்தனம் தோண்டி எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டது.

மாமா முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"அப்படி யாரும் இல்லம்மா. என் புள்ளைங்க மேல சத்தியம். வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய். யாரும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. செத்தவரு செத்துட்டாரு. உயிரோட இருந்தப்ப அவரு எந்த வீட்டுக்கும் போகலம்மா. இங்கதான் இருந்தாரு."

"இங்கன்னா?"

"இந்த லிஃப்ட்லதான். அஞ்சு இருபதுக்கு ஏறுவாரு. ஏழு மணிக்கு நான் பூட்டற வரைக்கும் மேலயும் கீழயுமா என் கூடவே வந்துட்டிருப்பாரு. ஏழு வருஷம்."

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். பெயிண்ட் உதிர்ந்த தகரச் சுவர், ஓடாத விசிறி, விளிம்பு கறுத்த சின்னக் கண்ணாடி, மாமாவின் முக்காலி. நாலடிக்கு நாலடி. பார்க்க வேறு என்ன இருக்கிறது அதில்?

"எங்க நிப்பாரு?"

"நீங்க நிக்கற இடத்துலதாம்மா."

அந்த அம்மா நின்ற இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

"என்ன பேசுவாரு?"

"மேலயே விடுங்கம்பாரு. வேற ஒண்ணும் பேச மாட்டாரு."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமேம்மா. சும்மா நிப்பாரு."

அந்த அம்மாவுக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. வேறு ஒருத்தி இருந்திருந்தால் அவளை ரெண்டு கெட்ட வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருக்கலாம். இந்தத் தகரப் பெட்டியை என்னவென்று திட்டுவது?

"வீட்டுலயும் அப்படித்தாண்ணே இருப்பாரு. பேச மாட்டாரு. நானும் பேசச் சொல்லித் தொந்தரவு பண்ணினதில்ல" என்றார். "சும்மா நிக்கறதுக்கு என் வீட்டுல ஒரு மூலை இல்லாமப் போச்சா?"

ஏன் என்று ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட மாமா கேட்டதில்லையே.

"கீழ கொண்டு விடறோம்மா, இருங்க" என்று நான்தான் சொன்னேன். அந்த அம்மா காதில் வாங்கவில்லை. ஆறாம் மாடியில் கால் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, படிப்பக்கம் போனார். ஒவ்வொரு படியாக இறங்குகிற செருப்புச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எட்டாம் மாடியிலிருந்து யாரோ பொறுமையில்லாமல் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாமா கைப்பிடியைத் தொடவே இல்லை.